காதுக்குக் கிடைப்பது ஒரே முறை

2010 ஏப்ரல் 20 இரவு, அமெரிக்காவின் லூசியானா கரைக்கு அப்பால் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடையே கடலுக்குள் போய்விட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் உடைந்து கிடந்த குழாயிலிருந்து எண்ணெய் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு முதலில் நாளுக்கு 1,000 பேரல் என்று பதில் வந்தது. ஏப்ரல் கடைசியில் அது 5,000 ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டு வாரம் எந்தச் செய்தியைத் திறந்தாலும் அந்த 5,000தான்.

மே 12ஆம் தேதி, கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் கடலடியில் எடுத்த 30 நொடி வீடியோ ஒன்றை வெளியிட்டது. பழுப்பும் கறுப்புமாகக் குமுறி வெளியே வரும் எண்ணெயைத் தொலைக்காட்சிகள் மாற்றி மாற்றிக் காட்டின. நேஷனல் பப்ளிக் ரேடியோவில் 1986 முதல் அறிவியல் செய்தியாளராக இருந்த ரிச்சர்ட் ஹாரிஸ், அந்தப் படத்தை வைத்தே ஒழுக்கை அளக்க முடியுமா என்று கேட்டு நிபுணர்களைத் தேடிப் போனார். பர்டூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியரான ஸ்டீவ் வெர்லி, பாயும் திரவத்தின் வேகத்தைப் படங்களிலிருந்து கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்டவர். ஒரு பிரேமில் தெரியும் சுழிப்பு அடுத்த பிரேமில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று கணினி பார்க்கும். அதிலிருந்து வேகம் கிடைக்கும். குழாய் வாயின் பரப்போடு அதைப் பெருக்கினால் எவ்வளவு வெளியேறுகிறது என்பது வந்துவிடும். வெர்லிக்கு வந்த விடை நாளுக்கு 70,000 பேரல். இருபது சதவீதம் கூடலாம், குறையலாம் என்றார்.

ஹாரிஸ் அந்த ஒரு விடையோடு நிற்கவில்லை. பெர்க்லியில் வானியற்பியல் பேராசிரியரான யூஜின் சியாங் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, 20,000க்கும் 1,00,000க்கும் இடையில் இருக்கும் என்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமான்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த டிமதி க்ரோன் வேறொரு முறையில் பார்த்து, குறைந்தது 50,000 என்றார். ஒன்றையொன்று சாராத மூன்று கணக்கு. மூன்றுமே 5,000 என்ற எண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. மே நடுவில் செய்தி ஒலிபரப்பானது. சில நாட்களில் அரசு ஒழுக்கை அளக்கவென்று தனிக் குழு அமைத்தது. கிணறு 87 நாள் கழித்து மூடப்பட்டது. அரசு விஞ்ஞானிகளின் கடைசிக் கணக்கு, தொடக்கத்தில் நாளுக்கு 62,000 பேரல், மூடும் சமயத்தில் 53,000. வெர்லியின் எண் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் சொன்ன கூடுதல் குறைவுக்குள்ளேயே தொடக்கக் கணக்கு அடங்குகிறது. அதுவரை ஊர் முழுக்கச் சொன்ன 5,000 பன்னிரண்டு மடங்கு தவறு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணால் பார்த்து அளந்த ஒன்றைக் காதுக்குச் சொல்ல வேண்டிய வேலை ஒரு ரேடியோக்காரரிடம் வந்து சேர்ந்ததுதான். படத்தைக் காட்ட அவருக்கு வழியில்லை. எண்ணைத் திரையின் ஓரத்தில் எழுதி வைக்கவும் முடியாது. இதே செய்தியை நம் ஊர் வானொலியில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘எழுபதாயிரம் பேரல்’ என்றால் யாருக்கு என்ன தெரியும்? ஒரு பேரல் 159 லிட்டர். நமக்குத் தெரிந்த பெரிய அளவு தண்ணீர் லாரி, அதில் 12,000 லிட்டர் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 5,000 பேரல் என்றால் 22 நிமிடத்துக்கு ஒரு லாரி கடலில் கொட்டுகிறது. 70,000 பேரல் என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு லாரி. செய்தி கேட்டு முடிப்பதற்குள் இரண்டு லாரி எண்ணெய் கடலுக்குள் போயிருக்கும். காதுக்கு எண்ணை விட நேரம் புரியும்.

அறிவியல், மருத்துவம், சுற்றுச்சூழல் என்ற மூன்றையும் வானொலிக்குச் சொல்பவரின் வேலை எப்படிப்பட்டது என்பதை இங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம். பத்திரிகை வாசகர் புரியாத வரியில் நின்று, திரும்பப் போய்ப் படித்துக்கொள்வார். வானொலியில் அது கிடையாது. இப்போது பாட்காஸ்ட் வந்துவிட்டது, பின்னோக்கித் தள்ளிக் கேட்கலாம் என்பீர்கள். கேட்கலாம். ஆனால் ஆட்டோ ஓட்டிக்கொண்டும், சட்னிக்குத் தாளித்துக்கொண்டும், நாற்றுப் பறித்துக்கொண்டும் கேட்கிறவர் எங்கே தள்ளுவார்? சொன்னது ஒரு முறை காதில் விழும், விழாமலும் போகும். இந்தத் தொழிலில் உள்ள விதிகள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவைதான்.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். யார் சொன்னார் என்பதும் கடைசியில் வரும். அதோடு எழுத்துத் தமிழுக்குப் பெயரெச்சங்களை அடுக்கும் பழக்கம் வேறு. இப்படி ஒரு வரியைப் பாருங்கள். ‘நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமாக உள்ள கிராமங்களில் வசிக்கும் பள்ளிக் குழந்தைகளின் பற்களில் காணப்படும் கறைகளுக்கும் அவர்கள் அருந்தும் நீருக்கும் இடையே தொடர்பு இருப்பது கண்டறியப்பட்டுள்ளதாக ஆய்வாளர்கள் தெரிவித்துள்ளனர்.’ இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கேட்பவர் ‘கண்டறியப்பட்டுள்ளதாக’ என்ற இடத்துக்கு வரும்போது, எந்தக் கிராமம், என்ன கறை என்பதை மறந்திருப்பார். நல்ல வானொலிக்காரர் இதை இப்படி உடைப்பார்: ‘குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. பல் தேய்க்காததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அவர்கள் குடிக்கும் நீர். அந்த நீரில் புளோரைடு அதிகம்.’ தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி வளர்ந்தவர்களுக்கு இந்தக் கறை சொந்த அனுபவம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அவர்கள் கேட்டு, ‘ஆமாம், நம் வீட்டுப் பிள்ளைக்கும் இருக்கிறது’ என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அதுதான் அளவுகோல்.

யார் சொன்னார் என்பதை வாக்கியத்தின் தலையில் வைப்பது இன்னொரு விதி. ‘இந்த மருந்து மாரடைப்பைத் தடுக்கும் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனம் சொல்கிறது’ என்று சொன்னால், கேட்பவரின் காதில் முதல் பாதி உண்மையாகவே பதிந்துவிடுகிறது. பின்பாதி வருவதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். ‘மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் சொல்வது இது’ என்று தொடங்கினால், கேட்பவர் ஒரு எச்சரிக்கையோடு காது கொடுப்பார்.

இனி செய்தி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரிய ஆய்விதழ்கள் தங்கள் கட்டுரைகளைச் சில நாள் முன்கூட்டியே செய்தியாளர்களுக்கு அனுப்பும், குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. ‘நேச்சர்’ இதழுக்கு அந்த நேரம் புதன்கிழமை லண்டன் கடிகாரத்தில் மாலை 4 மணி. நமக்கு இரவு ஒன்பதரை, அங்கே கோடைகாலமானால் எட்டரை. படித்துப் புரிந்துகொள்ள, வேறு நிபுணரிடம் கேட்க அவகாசம் கிடைக்கிறது என்பது இதன் நன்மை. எல்லோரும் ஒரே செய்தியை ஒரே நிமிடத்தில் ஒரே குரலில் சொல்வது இதன் கேடு.

கையில் வந்த ஆய்வை எடுத்துக்கொள்வதா, தள்ளுவதா என்பதற்குச் சில கேள்விகள் உண்டு. மனிதரிடம் செய்ததா, எலியிடமா? எத்தனை பேர்? யாருடைய பணம்? இதற்கு முன்பு வந்த ஆய்வுகள் என்ன சொல்லின? ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்? கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் ஒலிபரப்பக் கூடாது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புற்றுநோய்த் துறையில் பேர்பெற்ற 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஆறுதான் தேறின. 2012இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். ஹாரிஸ் பின்னாளில் இந்தக் கோளாறுகளைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார், 2017இல் ‘ரிகர் மார்ட்டிஸ்’ என்ற பெயரில். ஒரே ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு ‘விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று கூவுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எண்களுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அதிகம் காயம்பட்டவர்கள் இருப்பது அங்கேதான். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்பது செய்தி. நூறு சதவீதம் கூடுகிறது என்று ஊடகங்கள் சொல்லின. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த இரட்டிப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு இவ்வளவுதான்: பழைய மாத்திரை சாப்பிடும் 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தக்கட்டு வந்தது, புதியதைச் சாப்பிடும் 7,000 பேரில் இருவருக்கு. கர்ப்பத்தால் வரும் ரத்தக்கட்டு ஆபத்து இதை விட அதிகம். அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று பிறகு கணக்கிட்டார்கள். செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. ‘இரட்டிப்பு’ உண்மை. எதிலிருந்து எதற்கு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. வானொலியில் இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். ‘ஒரு பெரிய ஊரில் ஏழாயிரம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர். இப்போது இருவர்.’ காதுக்கு இது போதும்.

சொற்களிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கிருமிகள் பழகிப்போய்ச் சாகாமல் இருப்பதை ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று எழுதுகிறோம். இன்னும் திருத்தமாக எழுதுகிறவர்கள் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்பார்கள். தாளில் பார்த்தாலே தலை சுற்றுகிறது, ஒரு முறை கேட்பவர் என்ன செய்வார்? யார் யாரை எதிர்க்கிறார்கள்? நோய் எதிர்ப்புச் சக்தி என்பதைப் போல நல்ல விஷயமாகக்கூடக் காதில் விழும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் கேட்டபோது, 76 சதவீதம் பேர் மருந்துக்குப் பழகிப்போவது தங்கள் உடம்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பழகுவது கிருமி. என் உடம்பில் பழகிய கிருமி உங்கள் வீட்டுக்கும் வரும், நீங்கள் அந்த மருந்தைத் தொட்டதே இல்லை என்றாலும் அது உங்களுக்கு வேலை செய்யாது. நான் எழுதினால் ‘மருந்துக்கு அடங்காத கிருமி’ என்றுதான் எழுதுவேன். எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும், தவறாகப் புரிய வழியும் இல்லை.

தமிழ் வானொலி மிக அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கும் சொற்களும் உண்டு. வானிலை அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒரு சில இடங்களில்’, ‘பல இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்று கேட்டிருப்பீர்கள். வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்வதாக நான் சின்ன வயதில் நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 50 வரை ஒரு சில. 75 வரை பல. அதற்கு மேல் பெரும்பாலான. ‘கனமழை’, ‘மிக கனமழை’, ‘அதி கனமழை’ என்பனவும் அப்படியே. 24 மணி நேரத்தில் ஏழு சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 12ஐத் தொட்டால் மிக கனமழை, 20ஐத் தாண்டினால் அதி கனமழை என்று முழு எண்ணாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். வாசிப்பவருக்கு இது தெரிந்திருந்தால், அழுத்த வேண்டிய சொல்லை அழுத்துவார். தெரியாதவர் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் படித்துக்கொண்டு போவார்.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியென்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 490 லிட்டர், குடத்தில் அளந்தால் முப்பது குடத்துக்கு மேல். 600 சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் இரண்டு லாரித் தண்ணீருக்கு மேல் விழுந்திருக்கிறது, ஒரே நாளில். ‘49 சென்டிமீட்டர்’ என்று கேட்டால் முழங்கால் அளவு என்றுதான் தோன்றும். லாரிக் கணக்குச் சொன்னால், அடையாற்றுக் கரையில் இருப்பவர் இத்தனை மாடித் தண்ணீரும் எங்கே போகும் என்று கேட்பார். அவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் வானொலியைப் பற்றிப் பேச முடியாது. களத்துக்குப் போகும் செய்தியாளர் பேட்டியை மட்டும் பதிவு செய்து திரும்பமாட்டார். பம்ப்செட் ஓடும் சத்தம், வலை இழுக்கும்போது எழும் குரல், ஆய்வகத்தில் சுழலும் கருவியின் முனகல் எல்லாம் தனித்தனியாக வேண்டும். பேட்டி எடுத்த அறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதை நிரப்பாவிட்டால் காதுக்கு ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். பெர்னி க்ராஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் 1988இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளியின் விடியலைப் பதிவு செய்தார். அப்போது மரம் வெட்டும் நிறுவனம், காட்டை மொட்டையடிக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டப்போவதாகவும் அதனால் காட்டுக்குப் பாதிப்பு வராது என்றும் சொல்லியிருந்தது. ஓராண்டு கழித்து அதே நாளில், அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி பதிவு செய்தார். படம் எடுத்தால் காடு முன்புபோலவே இருந்தது. ஒலியில் பறவைகள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. சுற்றுச்சூழல் செய்திக்கு வானொலி பொருத்தமில்லை, காட்டவேண்டிய விஷயம் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு பதிவையும் போட்டுக்காட்டினால் போதும்.

நம்மிடம் பேட்டிக்கு வரும் விஞ்ஞானிகளிடம் ஒரு கஷ்டம் உண்டு. தங்கள் துறையைத் தமிழில் ஒரு முறைகூடப் பேசியிராதவர்கள் பலர். படித்தது, எழுதியது, மாநாட்டில் பேசியது எல்லாம் ஆங்கிலம். மைக்கை நீட்டியதும், தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவரே வினைச்சொல்லை மட்டும் தமிழில் வைத்துப் பேசுவார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. கூட உட்கார்ந்து, ‘உங்கள் ஊருக்குப் போனால் இதை உங்கள் அண்ணனிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். இரண்டாம் முறை சொல்லும்போது வரும் பேச்சுத்தான் ஒலிபரப்பத் தகுந்தது. நேரம் எடுக்கும். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் தமிழுக்கு ஒரு புதிய வாக்கியம் கிடைக்கிறது.

வானொலியில் இன்னொரு பழைய பழக்கம், இரண்டு பக்கத்தையும் அழைத்துப் பேசவைப்பது. அரசியலுக்கு அது சரி. அறிவியலில் ஒரு பக்கம் ஆயிரம் அளவீடும் மறுபக்கம் ஒருவரின் அபிப்பிராயமும் இருந்தால், இருவருக்கும் சம நேரம் கொடுப்பது கேட்பவரை ஏமாற்றுவதாகும். பிபிசி ரேடியோ 4இன் ‘டுடே’ நிகழ்ச்சியில் 2017 ஆகஸ்டில், முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன் பருவநிலை பற்றிப் பேசினார். கடந்த பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம் சற்றே குறைந்திருக்கிறது என்றார். அது தவறு. பேட்டி எடுத்தவர் அதை மறுக்கவில்லை. கேட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். பிபிசி தன் தவறை ஒப்புக்கொண்டது. ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமும் 2018இல், துல்லியம் பற்றிய விதி மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த நொடியில் ‘இல்லை, அளவீடுகள் வேறு சொல்கின்றன’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அவர் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். மைக்கின் முன்னால் தேடிப் பார்க்க நேரமில்லை.

தவறு நேர்ந்துவிட்டால்? இங்கேதான் வானொலியின் மிகப் பெரிய குறை தெரிகிறது. 2020 மே 22இல் ‘லான்செட்’ ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறத்தாழ 96,000 கோவிட் நோயாளிகளின் தகவல்களைப் பார்த்ததாகவும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தவர்களில் மரணம் அதிகம் என்றும் அது சொன்னது. மூன்று நாளில் உலகச் சுகாதார நிறுவனம் அந்த மருந்துச் சோதனையை நிறுத்திவைத்தது. அந்தத் தகவல்கள் எங்கிருந்து வந்தன என்று யாராலும் சரிபார்க்க முடியவில்லை. ஜூன் 4இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காலையில் முதல் செய்தியைக் கேட்ட பஸ் டிரைவர், பதிமூன்று நாள் கழித்து அது தப்பு என்று சொல்லும்போது ரேடியோ பக்கத்தில் இருப்பாரா? இருந்து, பாதி காதில் வாங்கினால் ‘அப்போ அந்த மருந்து நல்ல மருந்துதான்போல’ என்று நினைத்துக்கொள்வார். அதுவும் தவறு. அந்தச் சமயத்திலேயே பிரிட்டனில் நடந்த ரெகவரி என்ற பெரிய சோதனை, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அந்த மருந்தால் பலனில்லை என்று காட்டிவிட்டது. ஆய்வு பொய், மருந்தும் உதவாது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது. திருத்தத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரும் நிலையங்களை நான் மன்னிக்க விரும்பவில்லை. முதல் செய்தி எந்த நேரத்தில், எந்த நிகழ்ச்சியில் போனதோ அதே நேரத்தில், அதே நீளத்தில் திருத்தமும் போக வேண்டும். ஒரு நாள் மட்டும் போதாது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்பவர்கள் யார் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு எல்லை போட்டிருக்கிறது. தனியார் எஃப்எம்மும் சமுதாய வானொலியும் சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். ஆனால் வானிலை, இயற்கைச் சீற்றம், உள்ளூர் நிர்வாகம் தரும் உடல்நல எச்சரிக்கை போன்றவை செய்தி என்ற கணக்கில் வராது. ஆக, தேர்தலைப் பற்றிப் பேச முடியாத ஒரு சின்ன நிலையம் கடலைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் பேசலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி முதல் தேதி தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 எஃப்எம் 2016இல் சுதந்திர தினத்தன்று ஒலிக்கத் தொடங்கியது. அலையும் காற்றும்தான் அங்கே முக்கியச் செய்தி.

அதற்கெல்லாம் முன்னோடி, 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம். 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவைக்கு ஏற்றது. தஞ்சாவூர் விவசாயிகளிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்புக்குப் பெரிய பங்கு. ஊர்க்காரர்கள் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ‘ரேடியோ நெல்’ என்று கேட்டு வாங்கினார்கள். அதற்குப் பத்தாண்டு முன், 1956இல், யுனெஸ்கோவும் ஆகாசவாணியும் பூனாவைச் சுற்றி 150 கிராமங்களில் ஒரு சோதனை செய்து பார்த்தன. ஊர்க்காரர்கள் குழுவாக உட்கார்ந்து கேட்பார்கள், முடிந்ததும் தங்களுக்குள் விவாதிப்பார்கள், சந்தேகத்தை எழுதி அனுப்புவார்கள், பின்வரும் ஒலிபரப்பில் பதில் வரும். ஒரு முறைதான் கேட்க முடியும் என்ற குறைக்கு இதை விட நல்ல மருந்தை நான் அறியவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் காதில் விழுந்தது, எனக்கு விழாதது, இரண்டும் சேர்ந்து முழுதாகிவிடும்.

கடைசியாகக் கள்ளக்கடல். இது கேரளக் கடற்கரை மீனவர்களின் சொல். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடி அட்சரேகைகளில் வீசும் புயல் எழுப்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். உள்ளூரில் காற்று இருக்காது, மேகம் இருக்காது. கடல் திருடனைப்போல ஏறி வரும். 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் என்ற பெயரிலேயே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்திலும் விட்டிருந்தது. மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். வானம் தெளிவாக இருக்கும்போது கடல் மட்டும் எப்படிப் பொங்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கடற்கரை நிலையத்தின் அறிவிப்பாளர் கையில் இப்படிப்பட்ட எச்சரிக்கை வரும்போது, அது அலையின் உயரமும் நேரமும் அலுவலக வாக்கியமுமாக இருக்கும். அதை அவர் இப்படி மாற்றிப் படிக்க வேண்டும். முதலில் எந்த ஊர்க் கரை. பிறகு எப்போதிலிருந்து எப்போது வரை. பிறகு: ‘காற்று இருக்காது, வெயில் அடிக்கும், கடல் அமைதியாகத்தான் தெரியும். ஆனாலும் காலை நனைக்கக்கூட இறங்காதீர்கள். படகுகளை ஒன்றோடொன்று இடிக்காதபடி தள்ளிக் கட்டுங்கள்.’ கள்ளக்கடல் என்ற பெயரை மீனவர்களுக்காகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் சுற்றுலா வந்தவர்களுக்காக அது என்னவென்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். அரை நிமிடம் ஆகும். பிறகு ஒரு பாட்டு. அப்போது ரேடியோ பக்கத்தில் இல்லாதவர்களுக்காக, அடுத்த அரைமணியில் அதையே, ஒரு சொல்லும் மாற்றாமல், முதலிலிருந்து மறுபடி.